பயிற்சித்தாளில் எடுக்கும் முடிவும் வகுப்பில் எடுக்கும் முடிவும்

கரும்பலகை எழுதியது:

வணக்கம். நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். அந்த வகுப்பின் வகுப்பாசிரியையும் நானே. பொறுப்புடன் முடிவெடுக்கும் பழக்கத்தை மாணவர்களிடம் வளர்க்க வேண்டும் என்று இந்தப் பருவத்தில் வாரத்துக்கு ஒரு பாடவேளையை ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். என் கைக்கு வந்த கையேட்டில் நான்கு படிகள் இருந்தன: சற்று நில், என்னென்ன வழிகள் உண்டு என்று எழுது, ஒவ்வொன்றின் விளைவையும் எண்ணிப் பார், பிறகு ஒன்றைத் தேர்ந்தெடு. ஐந்து வாரம் இவற்றைச் சொல்லிக்கொடுத்து, ஒவ்வொரு வாரமும் ஒரு சூழ்நிலையைக் கொடுத்துப் பயிற்சித்தாளில் எழுதச் சொன்னேன். அவற்றுள் ஒன்று, "உன் நெருங்கிய தோழி வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதக் கேட்கிறாள், என்ன செய்வாய்?" என்பது. முப்பத்தெட்டுப் பேரும் ஒரே குரலில் கொடுக்க மாட்டேன் என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் ஒரு மாணவி எழுதியது அவ்வளவு தெளிவாக இருந்ததால், அதை வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன்.

சரியாக ஒன்பதாம் நாள் ஊசல் சோதனையின் அறிக்கைகள் வந்தன. 50 சென்டிமீட்டர் நீளமுள்ள நூலில் குண்டைத் தொங்கவிட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து, அதை இருபதால் வகுத்து எழுத வேண்டும். விடை 1.42 விநாடியை ஒட்டி வரும். கை தாமதத்தால் சற்று முன்பின் இருக்கலாம். ஆனால் ஏழு அறிக்கைகளில் 2.41 என்று இருந்தது. ஒருத்தி எண்களை முன்பின்னாக மாற்றி எழுதிவிட்டாள், மற்ற ஆறு பேரும் அந்தப் பிழையையும் சேர்த்தே நகலெடுத்துவிட்டார்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. முதலில் எழுதியவள் யார் என்று விசாரித்தபோது, நான் உரக்கப் படித்துக் காட்டிய அதே மாணவிதான் என்று தெரியவந்தது.

தனியாக அழைத்துப் பேசினேன். மழுப்பாமல் பதில் சொன்னாள். "அன்று எழுதியது கேள்விக்கான விடை, டீச்சர். இங்கே கேட்டவள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லியிருந்தால் சாப்பாட்டு இடைவேளையில் நான் யாரோடு உட்காருவது?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அனுபவமுள்ளவர்களிடம் கேட்க விரும்புவது இதுதான். இந்தப் படிமுறைகளால் உண்மையில் பயன் உண்டா, அல்லது நான் ஐந்து பாடவேளைகளை வீணாக்கிவிட்டேனா? முடிவெடுக்கும் திறனுக்கு மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். எதை வைத்துப் போடுவது? மாணவர்களிடம் எந்த அளவுக்கு முடிவுகளை உண்மையாகவே விட்டுக்கொடுக்கலாம்?

---

நிழல்மரம் எழுதியது:

நான் பள்ளி ஒன்றில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். அம்மா, உங்கள் மாணவி கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

பயிற்சித்தாளில் விளைவுகளை எண்ணிப் பார் என்று சொல்கிறோம். பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள்? கொடுத்தால் ஆசிரியர் கண்டிப்பார், தோழிக்குப் பாடம் புரியாமல் போய்விடும், மனசாட்சி உறுத்தும் என்று எழுதுகிறார்கள். கொடுக்காவிட்டால் என்ன விளைவு என்ற பகுதியில் "நேர்மையாக இருப்பேன்" என்ற ஒற்றை வரிதான் இருக்கும். சரியான முடிவுக்கு எந்த விலையும் இல்லை என்பது போன்ற ஒரு பொய்யை அந்தத் தாள் சொல்கிறது. பிள்ளைகளுக்கு அது பொய் என்று நன்றாகத் தெரியும், நமக்குப் பிடித்த விடை அதுதான் என்பதும் தெரியும், ஆகவே எழுதித் தந்துவிடுகிறார்கள். இடைவேளையில் தனியாக உட்கார வேண்டியிருக்கும் என்பது பதிமூன்று வயதுக்காரிக்கு அற்பமான விளைவு அல்ல. அந்த வரியை அவள் தாளில் எழுதியிருந்தால் நீங்கள் எத்தனை மதிப்பெண் கொடுத்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தனியாக, அமைதியாக, பேனாவைப் பிடித்துக்கொண்டு எடுக்கும் முடிவும், சக வயதினர் முகத்துக்கு நேராக நின்று காத்திருக்கும்போது எடுக்கும் முடிவும் ஒன்றல்ல. 2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் 306 பேரை மூன்று வயதுப் பிரிவுகளாகப் பிரித்து, கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆடச் சொன்னார்கள். மஞ்சள் விளக்கு எரிந்தபின் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்பதே கணக்கு. சிலரைத் தனியாக ஆடவிட்டார்கள், சிலரைத் தம் வயதொத்தவர்கள் உடனிருக்க ஆடவிட்டார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் இதனால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 13 முதல் 16 வயது வரையுள்ளவர்களோ கூட்டாளிகள் அருகிலிருந்தபோது தனியாக ஆடியவர்களைவிடத் தெளிவாக அதிக ஆபத்தை ஏற்றார்கள். அறிவில் குறை இல்லை. அறிவு வேலை செய்ய வேண்டிய சூழ்நிலைதான் மாறிவிடுகிறது. உங்கள் மாணவி "கேட்டவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்" என்று சொன்னதில் அந்த ஆய்வின் சாரம் அப்படியே அடங்கியிருக்கிறது.

சமூக, உணர்வுசார் கற்றலுக்காக 1994-இல் தொடங்கப்பட்ட கேசல் என்னும் அமைப்பு ஐந்து திறன்களைச் சேர்த்தே சொல்கிறது: தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறரை உணர்தல், உறவைப் பேணுதல், பொறுப்பான முடிவெடுத்தல். கையேடு எழுதுகிறவர்கள் ஐந்தாவதை மட்டும் தனியாகப் பிய்த்தெடுத்து நான்கு படிகளாக்கிவிடுகிறார்கள். அந்த மாணவி எது சரி என்று அறிவதில் தவறவில்லை. உறவை முறித்துக்கொள்ளாமல் மறுப்பது எப்படி என்பதுதான் அவளிடம் இல்லை. அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

ஆகவே நான் செய்வது இது. சூழ்நிலையை எழுதச் சொல்வதில்லை, நடித்துக் காட்டச் சொல்கிறேன். கேட்பவராக நடிக்கும் மாணவருக்கு ஒரே ஒரு விதி: முதல் மறுப்போடு விட்டுவிடக் கூடாது, மூன்று முறையாவது வற்புறுத்த வேண்டும். "ஒரே ஒரு தடவை", "நான் உனக்குப் போன வாரம் செய்தேனே", "சரி, இனிமேல் என்னோடு பேசாதே" என்று படிப்படியாக ஏறும். மறுப்பவர் தம் சொந்த வாயால், தம் சொந்தச் சொற்களில் பதில் சொல்ல வேண்டும். முதல் நாள் பெரும்பாலோர் இரண்டாம் வற்புறுத்தலிலேயே சிரித்துக்கொண்டு சரிந்துவிடுவார்கள். அதுவே நல்ல பாடம். எங்கே சரிந்தோம் என்று அவர்களே பேசத் தொடங்குவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மூன்றாவது வழி ஒன்று கிளம்பி வரும்: "அறிக்கையைத் தர மாட்டேன். ஆனால் இப்போதே சோதனைக்கூடத்துக்கு வா, நீ எண்ணு, நான் கடிகாரம் பார்க்கிறேன், பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்" என்று ஒரு மாணவன் சொன்னதை நான் மறக்கவில்லை. தருவது, தராதது என்ற இரண்டு பெட்டிகளுக்குள் அந்த விடை ஒருபோதும் வந்திருக்காது.

நடிப்பு முடிந்தபின் ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் எழுதிக்கொள்வார்கள். "நல்லவளாக இருப்பேன்" என்பது போன்ற உறுதிமொழிக்கு இடமில்லை. "யாராவது அறிக்கையைக் கேட்டால், அளவீட்டைச் சேர்ந்து எடுக்கலாம் வா என்று சொல்வேன்" என்பது போல, எது நேர்ந்தால் எதைச் செய்வேன் என்ற வடிவில் இருக்க வேண்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் விரிவாக ஆராய்ந்த உத்தி இது. வெறும் நோக்கத்தை மனத்தில் வைத்திருப்பவர்களைவிட, சூழ்நிலையையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்திருப்பவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியிருப்பது குறைந்துவிடுகிறது என்பதே காரணம்.

---

பழைய தலைமையாசிரியர் எழுதியது:

நிழல்மரம் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் நடிப்பும் ஒத்திகைதான் என்பதை மறக்கக் கூடாது. நீச்சலைக் கரையில் நின்றே கற்றுக்கொடுத்துவிட முடியாது.

லாரன்ஸ் கோல்பெர்கின் வரலாறு ஆசிரியர்களுக்கு ஒரு நல்ல படிப்பினை. 1958-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து தொடங்கி, கற்பனையான அறச்சிக்கல்களைச் சிறுவர்களிடம் சொல்லி அவர்கள் காட்டும் காரணங்களை ஆராய்ந்தவர் அவர். மருந்து வாங்க வழியில்லாத கணவன், சாகக் கிடக்கும் மனைவிக்காக அதைத் திருடலாமா என்ற கதையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படிப்பட்டவரே பிற்காலத்தில் கதைகளை விவாதிப்பதோடு நின்றுவிடவில்லை. 1974-இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் கிளஸ்டர் பள்ளி என்ற சிறிய பள்ளி தொடங்கப்பட்டபோது அதற்குத் துணைநின்றார். அங்கே வாராந்தரக் கூட்டத்தில் மாணவருக்கும் ஒரு வாக்கு, ஆசிரியருக்கும் ஒரு வாக்கு. பள்ளிக்குள் திருட்டு நடந்தபோது, திருடியவரைத் தேடுவதோடு நிற்காமல், பறிகொடுத்தவருக்கு எல்லோரும் சேர்ந்து ஈடுசெய்வதா என்ற அளவுக்குப் பேச்சு சென்றது. கற்பனைக் கணவனைப் பற்றி எவ்வளவு பேசினாலும் வராத சூடு, தன் பக்கத்து இருக்கைக்காரியின் பணப்பை காணாமல் போகும்போது வந்துவிடும்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பின் பின்சுவரில் ஒரு புத்தக அலமாரி இருந்தது. அதை நடத்தும் பொறுப்பை வகுப்பிடமே கொடுத்து, விதிகளை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர்கள் செய்த முதல் வேலை, புத்தகத்தைத் திருப்பித் தருவதற்குக் கெடு வேண்டாம் என்று தீர்மானம் போட்டதுதான். எல்லாக் கைகளும் உயர்ந்தன. எனக்கு அடிவயிறு கலங்கியது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஆறாம் வாரம் அலமாரியில் மூன்று அகராதிகளும் ஒரு பழைய வரைபடமும்தான் மிஞ்சியிருந்தன. இடைநிலை ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, இதை இப்படியே விட்டுவிடப் போகிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம், விட்டுவிடத்தான் போகிறேன் என்று சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் ஆட்டம்தான். ஏழாம் வாரம், தொடர்கதை ஒன்றின் இரண்டாம் பகுதிக்காகக் காத்திருந்த ஒரு மாணவி எழுந்து கூட்டம் போட வேண்டும் என்றாள். அன்றைய விவாதம் ஒரு பாடவேளை முழுதும் ஓடியது. இரண்டு வாரக் கெடு, அதற்கு மேல் வேண்டுமானால் வேறு யாரும் கேட்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு நீட்டித்துக்கொள்ளலாம் என்ற விதியை அவர்களே எழுதி ஒட்டினார்கள். நான் முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் இரண்டே நிமிடத்தில் முடிந்திருக்கும், ஆறு மாதத்துக்கு நான் காவல்காரனாக நின்றிருக்க வேண்டும்.

எந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மூன்று வட்டம் வரைந்து வகுப்புச் சுவரில் மாட்டிவிடுவேன். முதலாவதில் இருப்பவற்றை மாணவர்களே முடிவு செய்வார்கள்: அலமாரி, குழுக்களின் வேலைப் பங்கீடு, செயல்திட்டத்தின் தலைப்பு. இரண்டாவதில் இருப்பவற்றைச் சேர்ந்து முடிவு செய்வோம்: ஒப்படைப்பு நாள், இருக்கை அமைப்பு, வகுப்பு விதிகளில் சில. மூன்றாவது என் கையில் மட்டுமே இருக்கும்: உடல் பாதுகாப்பு, ஒருவரை அவமானப்படுத்தக்கூடிய எதுவும், இன்னொரு மாணவரின் தனிப்பட்ட செய்திகள். எது எந்த வட்டத்தில் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, அவர்கள் எடுத்தது நமக்குப் பிடிக்கவில்லை என்றவுடன் பிடுங்கிக்கொள்வதைவிட முதலிலேயே கொடுக்காமலிருப்பது எவ்வளவோ மேல். ஒரு தடவை பிடுங்கினால், அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது ஆசிரியருக்கு எது வேண்டும் என்று மோப்பம் பிடிப்பதில்தான் அவர்கள் மூளை ஓடும்.

குழந்தைகளின் கருத்துக்கு இடம் கொடுத்தால் எல்லாவற்றையும் அவர்களிடமே ஒப்படைத்துவிடுவதாகச் சிலர் அஞ்சுகிறார்கள். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவுகூட அப்படிச் சொல்லவில்லை. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தை தன் கருத்தைச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு உரிய மதிப்பு அளிக்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். கேட்பது ஒன்று, கேட்டதைச் செய்வது வேறொன்று. கேட்டும் செய்ய முடியாதபோது ஏன் செய்யவில்லை என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். காரணம் சொல்லாத மறுப்பைத்தான் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இருவரும் படிமுறையை ஓரமாகத் தள்ளிவிட்டீர்கள். நான் அதற்காகச் சிறிது வாதாட விரும்புகிறேன். கணக்கு ஆசிரியன் என்பதால் எனக்குப் படிகள் மீது பாசம் உண்டு என்றுகூடச் சொல்லிக்கொள்ளுங்கள். குறை படிகளில் இல்லை. எல்லா முடிவுக்கும் அதே படிகளை அதே வேகத்தில் போட்டதில் இருக்கிறது. தோழி முகத்துக்கு நேரே நின்று கேட்கும்போது தாளை எடுத்துக் கட்டம் போட முடியாது, உண்மைதான். ஆனால் எந்தப் பாடப்பிரிவை எடுப்பது, குழுவிலிருந்து விலகுவதா, போட்டியில் சேர்வதா என்பவை நாள்கணக்கில் அவகாசமுள்ள முடிவுகள். அவற்றுக்குத் தாள் வேண்டும்.

1772-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தை இதற்காகவே நான் வகுப்பில் சொல்வதுண்டு. ஒரு வேலையை ஏற்பதா வேண்டாமா என்று பிரீஸ்ட்லி ஆலோசனை கேட்டிருந்தார். எதை முடிவு செய்வது என்று சொல்லும் அளவுக்கு விவரம் தம்மிடம் இல்லை, எப்படி முடிவு செய்வது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று பிராங்க்ளின் பதில் எழுதினார். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம் எழுதச் சொன்னது எல்லோருக்கும் தெரியும். பலரும் விட்டுவிடும் இரண்டு நுணுக்கங்கள் அந்தக் கடிதத்தில் உள்ளன. ஒன்று, மூன்று நான்கு நாள்களில் அவ்வப்போது தோன்றுவதை எல்லாம் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். ஏனெனில் ஒரே சமயத்தில் எல்லாக் காரணங்களும் மனக்கண்முன் நிற்பதில்லை. இரண்டு, எத்தனை காரணங்கள் என்று எண்ணக் கூடாது, எடை பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தின் ஒன்று அந்தப் பக்கத்தின் இரண்டுக்குச் சமமென்றால் மூன்றையும் அடித்துவிட வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையில் தாளைக் கொடுத்து மணி அடிப்பதற்குள் வாங்கிவிட்டால் முதல் நுணுக்கமே போய்விடுகிறது. திங்கட்கிழமை கொடுத்து வெள்ளிக்கிழமை வாங்கிப் பாருங்கள். புதன்கிழமை எழுதப்படும் வரிதான் பெரும்பாலும் கனமானதாக இருக்கும்.

இப்போது மதிப்பெண். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜொனதன் பேரன், ஜான் ஹெர்ஷி ஆகியோர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சை செய்ய மருத்துவர் எடுத்த முடிவு ஒன்றை மதிப்பிடச் சொன்னார்கள். மருத்துவரிடம் இருந்த விவரங்கள் இரண்டு சூழ்நிலையிலும் ஒன்றே. நோயாளி பிழைத்தார் என்று சொல்லப்பட்டபோது முடிவு நல்லதாகத் தோன்றியது. இறந்தார் என்று சொல்லப்பட்டபோது அதே முடிவு மோசமானதாகத் தோன்றியது. நாம் வகுப்பில் அன்றாடம் செய்வதும் அதுதான். நன்றாக முடிந்தால் கெட்டிக்காரன், இல்லாவிட்டால் பொறுப்பற்றவன்.

இதை உடைப்பதற்கு நான் ஒரு பையைப் பயன்படுத்துகிறேன். அதில் ஏழு சிவப்புக் கோலிகளும் மூன்று நீலக் கோலிகளும் போட்டு எல்லோர் எதிரிலும் குலுக்குவேன். வரப்போவது எந்த நிறம் என்று ஒரு மாணவர் சொல்ல வேண்டும். சிவப்பு என்பார். ஒரு தடவை எடுத்ததும் நீலம் வந்தது. தேர்வு தவறா என்று கேட்டேன். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் "தவறுதான் சார், நீலம் சொல்லியிருக்கணும்" என்றார்கள். கோலியைப் பைக்குள் போட்டு மறுபடி குலுக்கி, இப்போது எதைச் சொல்வீர்கள் என்றேன். எல்லோரும் சிவப்பு. அப்படியென்றால் முன்பு சொன்னது எப்படித் தவறாகும் என்று கேட்டபின் வகுப்பு அடங்கிப் போயிற்று. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை. நான்கு படிகளை ஐந்து வாரம் ஒப்பித்தாலும் இது வராது.

ஆகவே விளைவுக்கு மதிப்பெண் போடாதீர்கள், நமக்குப் பிடித்த விடைக்கும் போடாதீர்கள். கட்டாயம் ஏதாவது போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் முடிவுக் குறிப்பேடு ஒன்று வைத்து, எழுதினார்களா, திரும்பப் பார்த்தார்களா என்பதற்கு மட்டும் போடுங்கள். முடிவெடுக்கும் அன்றே தேதியிட்டு நான்கு வரி போதும்: எனக்கு இப்போது தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், என் முடிவால் வேறு யாருக்கு என்ன ஆகும். நான்கு வாரம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து, நடந்ததைப் பக்கத்தில் எழுத வேண்டும். முன்கூட்டியே எழுதுவது ஏன் என்றால், விளைவு தெரிந்துவிட்டால் "எனக்கு அப்போதே தெரியும்" என்று மனம் சாதித்துவிடும். பாருக் ஃபிஷோஃப் 1975-இல் இதைச் சோதித்துக் காட்டினார். மை காய்ந்த எழுத்தோடு மனத்தால் வாதாட முடியாது.

நான்காவது வரியைத்தான் மாணவர்கள் வெறுமையாக விடுவார்கள். பொறுப்பு என்ற சொல்லுக்கே அந்த வரிதான் பொருள் என்பது என் கருத்து. மற்ற மூன்றும் சாமர்த்தியம்.

---

புதிதாய் வந்தவன் எழுதியது:

நான் பணியில் சேர்ந்து ஓராண்டுதான் ஆகிறது, எனவே கேள்வி மட்டும் கேட்கிறேன். அந்த ஏழு அறிக்கைகளுக்கும் கடைசியில் என்ன செய்தீர்கள் என்று கரும்பலகை அம்மா சொல்லவே இல்லையே? ஆராய்ச்சிகளையும் குறிப்பேட்டையும் பேசிக்கொண்டிருக்கும்போது, நகலெடுத்தவர்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்றால், மீதி முப்பத்தோரு பேரும் என்ன கற்றுக்கொள்வார்கள்?

---

கரும்பலகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தம்பி கேட்ட கேள்வி என்னைச் சரியான இடத்தில் பிடித்துவிட்டது. ஏழு பேருக்கும் பூஜ்யம் போட்டிருந்தேன். கொடுத்தவளுக்கும் வாங்கியவர்களுக்கும் ஒரே தண்டனை. அதுவும் யோசித்துப் போட்டதில்லை, கோபத்தில் போட்டது. நான்கு படிகளைக் கற்றுக்கொடுத்த நானே முதல் படியைத் தாண்டிக் குதித்திருக்கிறேன் என்பது இங்கே வந்த பதில்களைப் படித்த பிறகுதான் உறைத்தது.

---

பழைய தலைமையாசிரியர் எழுதியது:

அம்மா, அதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் தம் முடிவைத் திரும்பப் பார்ப்பதைப் பிள்ளைகள் அநேகமாகக் கண்டதே இல்லை. தம்பி கேட்டதும் நியாயமே. விளைவு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது செய்த காரியத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். அளக்காமல் எழுதியவருக்கு உரிய விளைவு பூஜ்யம் அல்ல, அளப்பதுதான். அந்த ஏழு பேரையும் உட்காரவைத்து, இந்த 2.41-ஆல் யார் யாருக்கு என்ன ஆயிற்று, அதைச் சரிசெய்ய என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வது உங்களுக்குப் போதாது என்று பட்டால் போதாது என்று சொல்லுங்கள். மற்ற மாணவர்கள் முன்னிலையில் இந்தப் பேச்சு வேண்டாம். அது மூன்றாவது வட்டத்தைச் சேர்ந்தது.

---

நிழல்மரம் எழுதியது:

ஒரு சிறு எச்சரிக்கையை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். கொடுத்த மாணவியை நீங்கள் மற்ற ஆறு பேருக்கும் எதிரே நல்லவளாக நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே ஒரு முறை அவள் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறீர்கள். அதன் பிறகுதான் அவளுக்கு மறுப்பது இன்னும் கடினமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வகுப்பின் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியவருக்கு, தான் அப்படியில்லை என்று தோழிகளிடம் அவ்வப்போது நிரூபிக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது.

---

கரும்பலகை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பூஜ்யத்தை ஏன் போட்டேன், ஏன் எடுத்துவிட்டேன் என்று முதலில் அந்த ஏழு பேரிடம் சொன்னேன். அவர்களுடைய முதல் யோசனை, எல்லோரும் மன்னிப்புக் கடிதம் எழுதித் தருகிறோம் என்பது. போதாது என்றேன். நெடுநேரம் பேச்சே இல்லை. பிறகு ஒருவன், "எங்களுக்கு இருபது அலைவை எண்ணவே வரவில்லை டீச்சர், பாதியில் விட்டுப்போய்விடுகிறது" என்றான். அது எனக்குப் புதிய செய்தி. சோம்பலால் நகலெடுத்தார்கள் என்று நினைத்திருந்தேன். ஆறு பேரில் நான்கு பேர் சோதனையைச் செய்து பார்த்து, எண்ணிக்கை தவறி, மறுபடி கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டவர்கள். குண்டை விடும் கணத்தில் "ஒன்று" என்று தொடங்கக் கூடாது, "பூஜ்யம்" என்று தொடங்க வேண்டும் என்பதைக்கூட நான் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. இரண்டு நாள் பள்ளி முடிந்தபின் இருந்து அளப்பதாகவும், எண்ணத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லித்தருவதாகவும் அவர்களே முடிவு செய்தார்கள். மூன்று பேர் வந்தார்கள், நான்காவது ஆள் இரண்டாம் நாள் வந்தான், மற்ற இருவரும் ஒரு வாரம் இழுத்தடித்தார்கள். கொடுத்த மாணவி கேட்காமலேயே வந்து கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நடிப்பு முறையையும் தொடங்கியிருக்கிறேன். மூன்றாவது வற்புறுத்தலுக்கு இன்னும் ஒருவரும் தாக்குப்பிடிக்கவில்லை. முடிவுக் குறிப்பேட்டில் நான்காவது வரி கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதுபோல முப்பது தாள்களில் வெறுமையாகத்தான் வந்தது. மதிப்பெண் விஷயத்தில் மேலிடத்தோடு பேச்சு இன்னும் முடியவில்லை, எழுதியதற்கும் திரும்பப் பார்த்ததற்கும் மட்டும் போடுவதாகச் சொன்னதற்கு, "அப்படியானால் எல்லோரும் ஒரே மதிப்பெண் வாங்கிவிடுவார்களே?" என்று கேட்டிருக்கிறார்கள்.

புதிய அறிக்கைகள் நேற்று வந்தன: 1.39, 1.44, 1.41, 1.46, 1.38, 1.43. ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. ஏழாவது அறிக்கை மட்டும் 1.42 என்று இம்மி பிசகாமல் இருக்கிறது. கொடுத்த மாணவியுடையது அல்ல, இழுத்தடித்த இருவரில் ஒருவனுடையது. அளந்து எழுதினானா, சூத்திரத்தில் போட்டுக் கணக்கிட்டு எழுதினானா என்று தெரியவில்லை. நாளை முதல் பாடவேளையில் குற்றஞ்சாட்டும் குரல் வராமல் கேட்க வேண்டும். எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று இன்றிரவு எழுதி வைத்துக்கொள்ளப் போகிறேன்.